குளிப்பாட்டும் பலகையும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து என் தங்கை உண்டானாள். ஆறாவது மாதம் பண்டமாரானில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் செய்தாள். "அக்கா, அம்மாவும் இல்ல. நீதான் வந்து பிள்ளையக் குளிப்பாட்டணும்." இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்று அவளைத் திட்டினேன். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதென்றால், குட்டைப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, காலின் மேல் கிடத்தித்தான். ஒத்திகை பார்ப்போமே என்று பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது சரி, எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் பலமே இல்லை. சுவரைப் பிடித்தேன், குழாயைப் பிடித்தேன், கடைசியில் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இழுத்துத் தூக்கினார். எனக்கோ அழுகை முட்டியது. ஈரப் பிள்ளையோடு இப்படி மாட்டிக்கொண்டால் என்ன ஆவது? ஐம்பது வயதுக்குள் கிழவியாகிவிட்டேனா என்று பயந்துபோனேன்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். வெயிலில் நடப்பீர்களா என்று டாக்டர் விசாரித்தார். நான் ரயிலேறி, ஏர்கோன் குளிரில் இருக்கும் ஆபீசுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். நாலு எட்டு நடப்பதற்கும் குடை பிடிப்பேன். கறுத்துவிடக் கூடாதல்லவா!

"ரத்தத்துல வைட்டமின் டி எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாம் ஆன்டி."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "டாக்டர், இது மலேசியா லா. இங்க வெயிலுக்கா பஞ்சம்?"

"வெயில் இருக்கு. நீங்கதான் அதுல இல்ல."

முடிவு வந்தது. இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. வாரத்துக்கு ஒரு மாத்திரை, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார்.

என் கணவர் மேரு என்ற ஊரில் லோரி ஓட்டுகிறவர். சன்னலுக்கு வெளியே கையைப் போட்டே ஓட்டி வலது கை மட்டும் கறுத்தவர். "என் கையப் பாரு, வைட்டமின் கொட்டிக் கிடக்கு," என்று கிண்டலடித்தார். நண்பர் கொடுத்ததாக ஒரு மாத்திரை டப்பாவையும் நீட்டினார். "இதையும் சேர்த்துப் போடு, சீக்கிரம் ஏறும்." எனக்கும் ஆசைதான். பிள்ளை எனக்காகக் காத்திருக்குமா? ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"வேணாம் ஆன்டி. கூடிப்போனாலும் கெடுதல்தான், கிட்னிக்கு ஆகாது. அதுக்குத்தான் அளந்து பார்த்துக் கொடுக்கறோம்."

டப்பா நண்பருக்கே திரும்பிப் போனது. நான் மதியச் சாப்பாட்டுக்குக் குடையில்லாமல் நடக்க ஆரம்பித்தேன். ஆபீசில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். காலில் பலம் வந்திருப்பது எனக்கே தெரிந்தது. இருந்தும் பலகையிலிருந்து எழும்போது சுவரில் ஒரு கை இருந்தால்தான் தைரியம். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

முதல் குளியலன்று தங்கை துண்டோடு தன் வீட்டுக் குளியலறை வாசலில் நின்றாள். எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். என் காலில் கிடந்த குட்டி முதலில் ஊரைக் கூட்டினாள், பிறகு கொட்டாவி விட்டாள். அந்த நிமிடம் நான் அடைந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. குளிப்பாட்டி முடித்ததும், பிள்ளையை வாங்கிக்கொள்ளத் தங்கை சட்டென்று குனியப் போனாள்.

"குனியாதடி! பச்சை உடம்பு, அறிவிருக்கா உனக்கு?"

திட்டிக்கொண்டே எழுந்துவிட்டேன். எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது.

"ஏங்க்கா அழுற? நான்தான் குனியலையே," என்றாள் தங்கை.