நடாத மரங்களுக்காகச் சண்டையிட்டவர்

யோகம் மிஸ் காலமான செய்தி வந்தபோது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் உவர்நீரில் வளரும் கண்டல் மரங்களை நடுவது பற்றிய கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடப்போகும் இடம், முன்பு மூன்று தடவை நட்டு மூன்று தடவையும் பட்டுப்போன அதே சேற்றுத் திடல். அதைச் சொல்ல நான் வாயெடுத்த நேரம் தொலைபேசி அதிர்ந்தது. தென்மராட்சிக் கரையில் றால் பிடித்துச் சீவிக்கும் இராசமணி அக்காதான் அழைத்தார்.

"தம்பி, மிஸ் மோசம் போட்டாவாம். விடியக் கிணத்தடியிலை விழுந்தவா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்."

விறாந்தைக்கு வந்து நின்றேன். உள்ளே பதாகைக்குப் பச்சை நிறமா நீல நிறமா என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு காலமும் எங்கள் கூட்டங்களைக் குழப்பிய மனுஷி, குழப்பியே ஆகவேண்டிய ஒரு கூட்டத்தின் நடுவிலா போகவேண்டும்?

நாங்கள் மிஸ் என்று கூப்பிட்ட திருமதி யோகாம்பிகை நீர்வேலியைச் சேர்ந்தவர். அரசாங்கத்தில் காணி மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீதிக்கோ கட்டடத்துக்கோ காணி எடுத்தால், அதன் பெறுமதி இன்னதென்று எழுதிக் கையொப்பம் வைப்பது அவருடைய தொழில். சில ஆண்டுகளுக்கு முன்னர், கடனீரேரிக் கரையிலுள்ள ஒரு கண்டல் காட்டின் பெறுமதியைக் கணிக்க எங்கள் தொண்டு நிறுவனம் அவரை அமர்த்தியது. நான்தான் திட்ட இணைப்பாளர். இரண்டு மாதத்தில் முடிக்கவேண்டிய அறிக்கைக்கு ஏழு மாதம் எடுத்தார். நிதி தந்தவர்களுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதங்களை இப்போது நினைத்தாலும் தலை இடிக்கிறது.

தாமதத்துக்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. 'இந்தக் காட்டைப் பாதுகாக்க மாதம் எவ்வளவு பணம் கொடுக்க விரும்புகிறீர்கள்?' என்று எங்கள் வினாக்கொத்தில் இருந்தது. அதை மிஸ் இராசமணி அக்காவிடம் வாசித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"உது எங்கடை இடமெல்லோ மிஸ். எங்கடை இடத்துக்கு நாங்கள் ஏன் காசு குடுக்கோணும்? வெட்ட வாறவனிட்டைக் கேளுங்கோ" என்றார் அக்கா.

மிஸ் அந்த இடத்திலேயே கேள்வியை வெட்டினார். 'இதை இழப்பதற்கு உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும்?' என்று மேலே எழுதி, திரும்பக் கேட்டார். அக்கா றால் போடும் பறிக்கூடையை இறக்கி வைத்தார்.

"எவ்வளவு தந்தாலும் அது ஒருநாள் முடியுமெல்லோ? பிறகு நாங்கள் எங்கை போறது?"

"அப்ப நான் இதிலை என்னத்தை எழுதிறது?"

"அதைத்தான் எழுதுங்கோ."

அதைத்தான் எழுதினார். அதன்பின் கரையோரத்தில் எல்லா வீடுகளிலும் புதிய கேள்வியோடு முதலிலிருந்து தொடங்கினார். தொகையைக் கட்டத்துக்குள் நிரப்பாமல், றாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது எந்த வேருக்குள் கிடக்கின்றன, மாரிக் காற்றில் எந்தக் குடிசைக்குத் தண்ணீர் வராமல் இருந்தது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். "சுருக்கம் எங்கே?" என்று மேலிடம் கேட்டது. "வாசிக்கச் சொல்லும்" என்றார் என்னிடம்.

அறிக்கை முடிந்தபின்பும் அவர் எங்களை விடவில்லை. அந்த வருடம் சேற்றுத் திடலில் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு கண்டல் கன்றுகள் நட்டோம். கன்றுக்கு இவ்வளவு என்று கூலி, போக்குவரத்து, தொப்பி, சிற்றுண்டி. மிஸ் குடையோடு வந்து நின்றார்.

"எத்தினை நட்டனீங்கள்?"

சொன்னேன்.

"போன முறை நட்டதிலை எத்தினை நிக்குது?"

கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். எங்கள் படிவத்தில் அப்படியொரு கட்டமே இல்லை.

"நட்டதுக்குக் காசு குடுத்தால் நடுவினம். நிக்கிறதுக்குக் காசு குடுத்தால்தானே நிக்கிற இடமாப் பாத்து நடுவினம்" என்றார். ஒரு வருடத் திட்டத்தில் மூன்று வருடம் கழித்து எப்படிக் கூலி கொடுப்பது என்று கேட்டேன். "அது உம்மடை பிரச்சினை, மரத்தின்ரை பிரச்சினையில்லை" என்றார்.

பிறகு என்னைக் காட்டின் மேற்குப் பக்கத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மண்வீதி கால்வாயை மறித்துக்கொண்டு கிடந்தது. கடல் ஏறினாலும் தண்ணீர் அப்பால் போக வழியில்லை. அதனால் அந்தப் பாதிக்காடு பட்டுப்போயிருந்தது. வீதிக்குக் கீழே மதகு வைத்தால் போதும், தண்ணீரே விதையைக் கொண்டுவரும், எங்கள் ஒரு வருட நடுகைச் செலவை விட அது மலிவு என்றார். மேலிடத்தில் சொன்னேன். "நட்டால் படம் எடுக்கலாம். மதகைப் படமெடுத்து ஆருக்கு அனுப்புறது?" என்று கேட்டார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவர் தனியாக அலைந்தார். மரம் என்றால் வன அலுவலகத்துக்கு, நிலம் என்றால் காணிக்கு, தண்ணீர் என்றால் கரையோரத்துக்கு, வீதி என்றால் இன்னொரு கந்தோருக்கு. ஒவ்வொருவரும் அடுத்தவரின் வாசலைக் காட்டினார்கள். இரண்டு வருடம் போனது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏன் மிஸ் உங்களுக்கு இந்த வில்லங்கம்?" என்று கேட்டேன்.

"சேவையிலை இருக்கேக்கை இதுமாதிரி ஒரு கண்டல் காட்டைப் பயனற்ற தரவை நிலம் எண்டு எழுதினனான். போய்ப் பாக்கவுமில்லை, வரைபடத்தைப் பாத்து எழுதினனான். என்ரை கையெழுத்திலைதான் அதை மண் போட்டு நிரவினவை. அடுத்த மாரிக்கு அந்தச் சனத்தின்ரை அடுப்பு வரைக்கும் கடல் வந்தது." பையைத் தூக்கிக்கொண்டு, "அந்தக் கடதாசியைத் திருத்த ஏலாது" என்றார்.

கடைசியில் வீதி திருத்த வந்தபோது மதகு கிடைத்தது. இரண்டு கேட்ட இடத்தில் ஒன்று. அதையும் பிழையான இடத்தில் வைக்கப் பார்த்தார்கள். மிஸ் தினமும் பஸ் ஏறிப்போய், தேத்தண்ணிப் போத்தலோடு வேலையாட்களின் பக்கத்தில் நின்று, சரியான இடத்துக்கு நகர்த்த வைத்தார். இரண்டு மாரி கழிய, அங்கே கண்ணா என்னும் கண்டல் இனத்துக் கன்றுகள் தாமாகவே முளைத்து முழங்கால் உயரம் நின்றன.

எங்கள் ஆண்டறிக்கை அவற்றை நாங்கள் நட்டதாக எழுதியது. எழுதியவன் நான்.

மிஸ் கந்தோருக்கே வந்துவிட்டார். "நடாத மரத்தை நட்டதெண்டு எழுதியிருக்கிறீர். திருத்தும்."

"ஆருக்கு என்ன நட்டம், மிஸ்?"

குடையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நெடுநாள் அவர் என்னோடு கதைக்கவில்லை.

நட்டம் என்னவென்று போன வருடம் தெரிந்தது. ஒரு கம்பனி றால் பண்ணை போட அந்தக் கன்றுகள் நின்ற காணியைக் கேட்டது. கூட்டத்தில் கம்பனிக்காரர் எங்கள் ஆண்டறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "இது இயற்கைக் காடு இல்லை, நட்ட காடு. நட்ட செலவும் இதிலை இருக்குது. அதே தொகையை நாங்கள் தாறம். வேறை இடத்திலை நடுங்கோ." அதிகாரிகள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த இராசமணி அக்கா எழும்பி ஏதோ சொல்ல, அவரை இருக்கச் சொன்னார்கள். மிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. அந்தச் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனாலும் எழுந்தேன். "அந்த அறிக்கை பிழை. அங்கை நாங்கள் ஒரு கன்றும் நடவில்லை. தண்ணி வந்தது, காடு வந்தது. நாங்கள் நட்டதெல்லாம் பட்டுப்போச்சு" என்றேன்.

விண்ணப்பத்தை ஒத்திவைத்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, இணைப்பாளர் பதவி இன்னொருவருக்குப் போனது. பஸ் தரிப்பிடத்தில் மிஸ் பக்கத்தில் வந்து நின்றார். நன்றியென்று ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாப் பிந்திச் சொன்னனீர்" என்றார். பிறகு, பஸ் வந்ததும், "ஆனால் சொன்னனீர்" என்றுவிட்டு ஏறிப்போனார்.

நேற்று நீர்வேலியில் செத்தவீடு. கரையிலிருந்து பெண்கள் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நின்றபடி வந்தார்கள். உறவினர்கள் கதிரை போட்டுக் கொடுத்தும் அவர்கள் இருக்கவில்லை. இராசமணி அக்கா உடலின் காலடியில் நின்று, "என்ரை மிஸ்" என்று ஒரேயொரு தடவை சொன்னார். பறை முழங்கிப் பூதவுடல் புறப்பட்டது. அது வாழைத்தோட்டங்களைத் தாண்டி மறைந்ததும் அவர்கள் பெட்டியில் ஏறினார்கள். "கடல் வத்தத் தொடங்குது தம்பி, றாலுக்குப் போகோணும்" என்றார் அக்கா.

சுடலையிலிருந்து திரும்பியதும், ஏனென்று தெரியாமல் நானும் மோட்டார் சைக்கிளில் கரைக்குப் போனேன். செத்தவீட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, அவர்கள் கண்ணா வேர்களுக்கிடையில் குனிந்து கையால் தடவித் தடவி றால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். றாலைப் பறிக்குள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

மிஸ், உங்களோடு வாதாடி ஒருநாளும் நான் வென்றதில்லை. இனிக் கூட்டங்கள் நேரத்துக்கு முடியும். அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. போய் ஆறியிருங்கள்.