ஞாயிற்றுக்கிழமை நிறை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மூன்றாம் மாடி, இரண்டு அறை. அப்பா, அம்மா, அக்கா, தங்கச்சி நான். அந்த வீட்டில் வைத்து நான்கு மாதம் என் அக்காவைப் பட்டினி போட்டோம். பட்டினி என்று அப்போது நாங்கள் சொல்லவில்லை. டயற் என்று சொன்னோம்.

அப்பாவுக்குக் கொழும்புக்கு வேலை மாற்றம் வந்தபோது அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியட்டும் என்று பெரியம்மாவோடு யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஆறு மாதம் என்றுதான் நினைத்தோம். போரில் பாதை மூடிவிட்டது. பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. அவள் தென்மராட்சிக்கு நடந்து, அங்கிருந்து வன்னிக்குப் போய், கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். வந்த அன்று அவளைக் கட்டிப்பிடித்த அம்மா, உடனே கையை எடுத்துவிட்டாள். முதுகெலும்பு கையில் பட்டதாம்.

அதன் பிறகு வீட்டில் அவளுக்கு நாங்கள் சொன்ன ஒரே வார்த்தை "சாப்பிடு". அவள் சாப்பிட்டாள். பேக்கரிப் பாண், பருப்பு, சோறு, முட்டை ரொட்டி, எது கொடுத்தாலும் மறுக்கவில்லை. தட்டில் எதையும் மிச்சம் விட்டதில்லை. இரண்டு வருடத்தில் முகம் வட்டமாகி, கழுத்தில் மடிப்பு விழுந்து, பழைய சட்டைகள் எல்லாம் எனக்கு வந்தன. இடப்பெயர்வில் தொலைந்த அடையாள அட்டைக்குப் பதிலாகப் புது அட்டை எடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

அப்போதுதான் லண்டன் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் கொழும்பில் உறவினர் வீட்டில் நின்றார். பெண் பார்க்க வந்து, தேநீர் குடித்து, அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை நல்ல பிள்ளை. கொஞ்சம் பாரம். மகன் நாலு மாசத்தால வாறார். அதுக்குள்ள பாருங்கோவன்."

மறுநாளே அம்மா அக்காவை ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். அக்காவின் நிறை எழுபத்துநான்கு கிலோ. டொக்டர் வயதான மனிதர், தமிழர். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். காலையில் குரக்கன் பிட்டு ஒரு கோப்பை, அவித்த முட்டை. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, தட்டில் கால்வாசி. மிச்சத் தட்டுக்கு வல்லாரைச் சம்பல், பயற்றங்காய், பருப்பு, தேங்காய்ப்பால் விடாத மீன். பின்னேரம் ஒரு பழம். இரவு நேரத்தோடு சாப்பாடு. சீனி, பொரியல் வேண்டாம். ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் நடை.

"ஒரு நேரமும் சாப்பிடாமல் விடக்கூடாது," என்றார். "வயிறு காயப்போட்டால் நிறை இறங்கும், பிறகு இரட்டிப்பா ஏறும். ஆறேழு மாசம் எடுக்கட்டும்."

"எங்களுக்கு நாலு மாசம்தான் இருக்கு, டொக்டர்," என்றாள் அம்மா.

"உங்களுக்கோ, பிள்ளைக்கோ?" என்று கேட்டார் அவர். அம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு, எழுதியிருந்த ஒவ்வொன்றையும் பாதியாக்கினாள். முட்டையையும் இரவுச் சாப்பாட்டையும் முழுதாக வெட்டினாள். கண்காணிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. எனக்குப் பதினெட்டு வயது. மெல்லிய உடம்பு, சிங்களம் நன்றாகப் பேசுவேன், அதில் எனக்குப் பெருமை. அக்கா வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளைப் பார்க்கும் அதிகாரம் என்னிடம் வந்தது. அந்த வேலையை ஆசையோடு செய்தேன்.

சாப்பாட்டு அலுமாரிக்கு ஒரு பூட்டுப் போட்டேன். சாவியை என் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். விடிய எழுப்பி ரயில் பாதை ஓரமாகத் தெகிவளை வரை நடத்திக்கொண்டு போவேன். அவள் மூச்சு வாங்கி நின்றால் நான் நிற்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வீதியில் இருந்த மருந்துக்கடைத் தராசில் ஏற்றி, கடையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி நிறையை வாசிப்பேன். வாசித்ததை ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதுவேன். நிறைக்குப் பக்கத்தில் குறிப்பும் எழுதுவேன். "கள்ளமாப் பழம் சாப்பிட்டது." "நடக்கும்போது அழுதது." "பொய் சொன்னது."

ஒரு நாள் அவளுடைய தலையணை உறைக்குள் பாண் துண்டுகளைக் கண்டுபிடித்தேன். காய்ந்து, எறும்பு மொய்த்த துண்டுகள். அவற்றை அப்படியே ஒரு தட்டில் போட்டு, காலைச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"இண்டைக்கு உனக்கு இதுதான்," என்றேன்.

அக்கா தட்டைப் பார்த்தாள். "நான் சாப்பிடுறதுக்கு வைக்கேல்லை," என்றாள். "சும்மா இருக்கட்டும் எண்டு வைச்சனான். பக்கத்தில ஏதும் இருந்தால்தான் நித்திரை வரும். அங்க இருந்து வந்த பழக்கம்."

அப்பா பத்திரிகையிலிருந்து தலையை எடுத்தார். "விடுங்கோவன் பிள்ளையை," என்றார். அம்மா திரும்பிப் பார்த்ததும் பழையபடி பத்திரிகைக்குள் போய்விட்டார். அக்கா எறும்பைத் தட்டிவிட்டு ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நான் தட்டைப் பறித்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினேன். கொப்பியில் எழுதினேன்: "பாண் பதுக்கல்."

மாப்பிள்ளையின் தாய் இடையில் ஒரு முறை விருந்துக்கு வந்தார். அம்மா ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, இடியப்பம் எல்லாம் செய்தாள். பரிமாறியது அக்கா. குனிந்து கறி போடும்போது அவள் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். "இப்ப வடிவா இருக்கிறா," என்றார் மாப்பிள்ளையின் தாய். அவர் போன பிறகு சட்டிகளைக் கழுவ அக்காவை விடவில்லை. சட்டியை வழித்து நக்கிவிடுவாள் என்று அம்மா சொன்னாள். நான் சிரித்தேன்.

நான்காம் மாதம் அவள் ஐம்பத்தொரு கிலோவில் நின்றாள். தலைமயிர் கொத்தாகக் கொட்டியது. மாதவிலக்கு நின்றுவிட்டது. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அயலவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, டயற் தாளைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாப்பிள்ளை வர இரண்டு கிழமை இருக்கும்போது, கலியாணச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க நானும் அவளும் காலையில் வெளிக்கிட்டோம். பாலத்தடிச் செக் பொயின்றில் மறித்தார்கள். ஒரு பெண் பொலிஸ் எங்கள் அட்டைகளை வாங்கினாள். என்னுடையதைத் திருப்பித் தந்தாள். அக்காவின் அட்டையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மே ஒயா நெவெய்னே," என்றாள். இது நீ இல்லையே.

படத்தில் இருந்தது வட்ட முகம், தடித்த கழுத்து. எதிரில் நின்றது கன்னம் ஒட்டிய ஒருத்தி. அக்காவுக்குச் சிங்களம் வராது. நான் அவசரமாகச் சொன்னேன்: இது என் அக்காதான், முன்னர் பாரமாக இருந்தாள், மெலிந்துவிட்டாள்.

"எத்தனை மாதத்தில்?" என்று கேட்டாள் அவள்.

"நான்கு."

அவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கன்ன துன்னே நெத்த?" என்றாள். சாப்பிடக் கொடுக்கவில்லையா?

ஓம், கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். டொக்டர் சொன்னபடி டயற் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. வேறு யாருடையதோ அட்டையை வைத்துக்கொண்டு வன்னியிலிருந்து ஊடுருவியவள் என்று முடிவெடுத்து, அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். அக்கா கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்பா, கொழும்பில் தங்கும் தமிழருக்குப் பொலிஸ் தரும் பதிவுத் துண்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். அவை போதவில்லை. அவள் மெலிந்தாள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். மறுநாள் காலை டொக்டரிடம் கேட்டு வாங்கிய கடிதத்தோடு என் அப்பியாசக் கொப்பியையும் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன்ட் அதை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து உரத்து வாசித்து மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். எழுபத்துநான்கு. எழுபத்திரண்டு. கள்ளமாப் பழம். அறுபத்தேழு. நடக்கும்போது அழுதது. அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கொப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் அதுவரை பார்த்ததில்லை.

"யார் எழுதினது?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"நான்," என்றேன்.

அவர் கொப்பியை மூடி என்னிடம் தந்தார். மத்தியானம் அக்காவை விட்டார்கள்.

வீட்டில் அம்மா அவளைக் கதிரையில் இருத்தித் தலையைத் தடவினாள்.

"அடிச்சவங்களோ?"

"இல்லை."

"ஏதும் சாப்பிடத் தந்தவங்களோ?"

"ஓம். பார்சல் சோறு. முழுக்கச் சாப்பிட்டனான்."

"முழுக்கவோ?" என்றாள் அம்மா.

வாய் தவறித்தான் அப்படிக் கேட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்டாள். அக்கா அம்மாவின் கையைத் தன் தலையிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனாள்.

பொலிஸ் பிடித்து வைத்திருந்த பிள்ளை என்று லண்டன்காரர் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். அம்மா கிழமைக்கணக்காகப் படுத்திருந்தாள். அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் சரக்குக் கந்தோரில் டைப் அடிக்கும் வேலை தேடிக்கொண்டு, கோயிலடியில் ஒரு கத்தோலிக்க விதவையின் வீட்டில் அறை எடுத்துப் போனாள். மாதம் ஒரு முறை எங்களைப் பார்க்க வருவாள். வெறும் தேநீர் மட்டும் குடிப்பாள். அம்மா எதைச் சமைத்து வைத்தாலும், "நான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்பாள்.

ஒரு வருடம் கழித்து, அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அறைக்கு வரும் நேரம் பார்த்து நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்கா அந்த டொக்டரிடம் தனியாகப் போய்வந்திருந்தாள். அவர் எழுதிய அளவையே குறைக்காமல், கூட்டாமல் சாப்பிடுகிறாளாம். காலையில் கந்தோருக்கு நடந்து போகிறாளாம். முகத்தில் களை வந்திருந்தது. மயிர் வளர்ந்திருந்தது. சிவப்பரிசிச் சோறு, கீரை, மீன் என்று எனக்கும் போட்டுத் தந்து, ஆறுதலாக மென்று சாப்பிட்டாள். போதும் என்றதும் நிறுத்திக் கை கழுவினாள்.

நான் அழத் தொடங்கினேன். "எனக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்லை அக்கா. நான் சின்னப்பிள்ளை."

"பதினெட்டு வயது," என்றாள் அவள். "அந்த வயதில நான் வன்னியில எனக்குக் கிடைச்ச கஞ்சியில பாதியைப் பெரியம்மாவுக்குக் குடுத்தனான். சாப்பிட்டு முடி. எனக்குத் திரும்பக் கந்தோருக்குப் போக நேரமாகுது."

சாப்பிட்டு முடித்தேன். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு பக்கம் போனாள். நான் பஸ் தரிப்பிடத்துக்கு மறுபக்கம் நடந்தேன்.