பேதுரு திரும்பிப் போனவரோ?

போன புதன்கிழமை கந்தோர் வேலை முடிந்து வந்து லிஃப்டுக்குள் காலை வைத்தால் அவித்த கௌபி மணம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி லிஃப்ட் அப்படித்தான். யார் வீட்டுச் சமையலோ நம்மோடு கூடவே ஏறி வரும். மீன் பொரியல் வந்தால் எனக்குப் பசிக்கும், சாம்பிராணி வந்தால் தும்மல் வரும். கௌபி வந்தால் இடையிலேயே இறங்கிவிடுவேன். அவித்த பயறுக்கு இப்படி முகம் சுளிக்கும் ஒருத்தியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

கௌபி என்றால் எனக்குத் தவக்காலம். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கையின் வாசலில் ஜெரோம் அங்கிளுக்கு ஒரு ஃபோட்டோகொப்பிக் கடை இருந்தது. கடைக்கு மேலே அவருடைய வீடு. தவக்காலம் வந்தால் புதன் பின்னேரங்களில் அங்கேதான் விவிலியப் பகிர்வு. பெரியவர்களுக்குக் கதிரை, எங்களுக்குப் பாய். சிலுவைக்கு ஊதாத் துணி போர்த்தியிருக்கும். குசினியில் அவர் மனைவி ஐரின் அன்ரி தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுக் கௌபி தாளிக்கிற வாசம், இயேசுவின் பாடுகளுக்கு நடுவே வந்து மூக்கைத் துளைக்கும்.

ஒருவர் வாசிப்பார். பிறகு மௌனம். பிறகு மனதைத் தொட்ட வசனத்தை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் அப்போதுதான் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்க டைப் பண்ணிவிட்டு வந்து, அந்த மௌனத்தில் சுகமாகத் தூங்கிவிடுவேன். என் முறை வந்ததும் அம்மா முழங்கையால் இடிப்பார். ஒருமுறை திடுக்கிட்டு எழும்பி, வாசகத்தில் வந்த ஏதோ ஒரு ஊரின் பெயரை மட்டும் சொல்லி, “இது என்னை மிகவும் தொட்டது” என்றேன். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெரோம் அங்கிள் சிரிக்கவில்லை. “நல்லது பிள்ளை” என்று தலையாட்டினார். அப்படிப்பட்ட மனிதர். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலே சொல்லிவைக்கிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை இவ்வளவு கசந்திராது.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஸ்டெல்லா அன்ரி இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த புருஷன் எப்போதோ செத்துப்போய், ஒரே மகன் றொஷானோடு தனியாக இருந்தவர். றொஷானுக்கு ஃபோன் திருத்துகிற கடையில் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவன். என் பழைய நொக்கியாவைத் திருத்தித் தந்துவிட்டு, “அக்கா, இதை மியூசியத்துக்குக் குடுங்கோ” என்று சொன்னவன்.

யுத்தம் நடந்த அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று கொழும்பில் இருந்த தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கவும் போகமாட்டோம். தவக்காலம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு பின்னேரம், வேலை முடிந்து வந்த றொஷானை ஒழுங்கை வாசலில் வைத்து ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைக்குள் நின்ற ஜெரோம் அங்கிள் செருப்பில்லாமல் ஓடிவந்து ஸ்டெல்லா அன்ரியின் கதவில் அடித்தார். “அக்கா, றொஷானை ஏத்திக்கொண்டு போறாங்கள்! நாலு பேர். நான் கண்ணால கண்டனான்!” ஒழுங்கை முழுக்க அந்தக் குரலைக் கேட்டது. நானும் கேட்டேன்.

அடுத்த நாள் காலை ஸ்டெல்லா அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். “பிள்ளை, உனக்குச் சிங்களம் நல்லா வருந்தானே. பொலிசுக்கு ஒருக்கா என்னோட வா.” அம்மா என்னை விட விரும்பவில்லை. ஆனால் ஸ்டெல்லா அன்ரியின் முகத்தைப் பார்த்து மறுக்கவும் முடியவில்லை. போனோம். மேசையில் இருந்த பொலிஸ்காரர் தலையை நிமிர்த்தாமல் ஒரு கேள்விதான் கேட்டார். “தெக்கபு கெனெக் இன்னவத?” கண்டவர் யாரும் இருக்கிறார்களா? இல்லாவிட்டால், பெடியன் தானாகவே எங்கேயாவது போயிருப்பான் என்று எழுதத்தான் தன்னால் முடியும் என்றார்.

இருக்கிறார் என்று ஸ்டெல்லா அன்ரி சந்தோஷமாகவே சொன்னார். அந்தச் சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அங்கிருந்து நேரே ஃபோட்டோகொப்பிக் கடைக்கு வந்தோம். ஜெரோம் அங்கிள் மெஷினின் மூடியைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார்.

“அக்கா, நான் வடிவாக் காணேல்ல. யாரோ சொன்னதைத்தான் ஓடிவந்து சொன்னனான்.”

“கண்ணால கண்டனான் எண்டு சொன்னீங்களே ஜெரோம்.”

“பதட்டத்தில சொல்லியிருப்பன். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள் அக்கா.”

அவருடைய பயம் பொய்யில்லை. சாட்சி சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். பிறகும் ஸ்டெல்லா அன்ரி எத்தனை தரம் அவரிடம் போய்க் கேட்டார் என்று நான் எண்ணவில்லை. பதில் மாறவில்லை.

தவக்காலம் வந்தது. ஸ்டெல்லா அன்ரி புதன்கிழமைகளில் வழக்கம்போல அந்தப் படிகளில் ஏறி வந்தார், வழக்கமான கதிரையில் இருந்தார். தன் முறை வரும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளைப் பார்ப்பார். எல்லோரும் அதை மரியாதையாகத் தாண்டிப் போனோம்.

பெரிய வாரத்துக்கு முந்திய புதனன்று, கோவிலில் தந்த துண்டுத்தாளின்படி, பேதுரு இயேசுவை மறுதலித்த பகுதி. அங்கிள்தான் வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. முற்றத்தில் நெருப்புக் காய்கிறார்கள், வேலைக்காரப் பெண் கேட்கிறாள், அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்கிறார் பேதுரு. அந்த இடத்தில் அவர் குரல் இடறியது. தண்ணீர் குடித்துவிட்டு, சேவல் கூவி, பேதுரு வெளியே போய் மனம் கசந்து அழுததுவரை வாசித்து முடித்தார். மௌனம். அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

ஸ்டெல்லா அன்ரி தன் முறைவரைக்கும் பொறுத்திருந்தார்.

“எனக்கொரு சந்தேகம் ஜெரோம். பேதுரு வெளியில போய் அழுதவர் எண்டிருக்கு. அழுது முடிச்சுப்போட்டுத் திரும்பி அந்த முற்றத்துக்குள்ள போனவரோ? போய், எனக்கு அவரைத் தெரியும் எண்டு சொன்னவரோ?”

அங்கிள் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐரின் அன்ரிதான் குசினி வாசலில் வந்து நின்றார். “அக்கா, இது செபம் செய்யிற இடம். இங்க அரசியல் வேண்டாம்.”

“என்ர பிள்ளை அரசியலோ ஐரின்?”

என் அம்மா பயத்தில் அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். பத்துப் பதினைந்து குரல்கள் அவசரமாக அதில் ஏறிக்கொண்டன. ஸ்டெல்லா அன்ரி எழும்பிப் போகவில்லை. மந்திரம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஐரின் அன்ரி எல்லோருக்கும் கௌபி தந்தார். எல்லோரும் சாப்பிட்டோம். கௌபி எனக்கு ஆகாமல் போனது அன்றிலிருந்துதான்.

அடுத்த புதன் கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஸ்டெல்லா அன்ரியைக் காணவில்லையே என்று அம்மாவிடம் கேட்டேன். “ஐரின் அவவுக்குச் சொல்லுறன் எண்டவ” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் எழும்பி ஒழுங்கைக்குப் போனேன். பூட்டிய கடையின் படியில் ஸ்டெல்லா அன்ரி விவிலியத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“இண்டைக்கு ஆரின்ர வீட்டில பிள்ளை?”

சொன்னேன்.

“ஓம். அப்ப சரி” என்று எழும்பி, சேலையைத் தட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். நான் கூட்டத்துக்குத் திரும்பவில்லை, அவர் பின்னால் போனேன். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேராக இருந்தோம். எதை வாசிக்க என்று கேட்டேன். பெண்கள் விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போகும் பகுதியைக் காட்டினார். உயிர்ப்பு ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன், பெரிய வேதம் தெரிந்தவள்போல. அவர் கேட்கவில்லை. வாசித்தேன். உடலில் பூசுவதற்கு வாசனைத் தைலத்தோடு போகிறார்கள், கல்லை யார் புரட்டுவார் என்று யோசிக்கிறார்கள். அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“குடுத்துவைச்ச பொம்பிளைகள். போறதுக்கு ஒரு கல்லறை இருந்திருக்கு.”

அதற்குமேல் நாங்கள் வாசிக்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஜெரோம் அங்கிள் குடும்பத்தோடு கனடா போனார். ஸ்டெல்லா அன்ரி காணாமல்போன பிள்ளைகளுக்காகப் பதாகை பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மாரோடு போய் நின்றார், ஆணைக்குழுக்களில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆத்துமாக்கள் திருநாளில் றொஷானுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். “செத்தவைக்குத்தான் அது. என்ர பிள்ளை செத்ததைக் கண்டனீங்களோ?” அம்மா இறந்து நான் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு, ஸ்டெல்லா அன்ரியும் இறந்துபோனார்.

எப்படியோ செய்தி கேள்விப்பட்டு ஜெரோம் அங்கிள் எனக்கு ஃபோன் எடுத்தார். விம்மினார்.

“நான் கண்டனான் பிள்ளை. எல்லாத்தையும் கண்டனான். ஒருத்தன்ர முகம் இப்பவும் நினைவிருக்கு.”

“எனக்குச் சொல்லி என்ன அங்கிள்?” என்றேன்.

ஒழுங்கைச் சுவரில் ஸ்டெல்லா அன்ரியின் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. கணவரின் பெயருக்குக் கீழே, ‘காலஞ்சென்ற றொஷானின் அன்புத் தாயாரும்’ என்று போட்டிருந்தார்கள். நீர்கொழும்பிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கச்சிக்காரியிடம் அதை மாற்றச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தார். “வேற என்னெண்டு போடுறது பிள்ளை? நீங்களே சொல்லுங்கோ” என்றார். அவ்வளவு வருஷம் அரசாங்கத்தாலும் கோவிலாலும் ஸ்டெல்லா அன்ரியிடமிருந்து வாங்க முடியாத அந்த ஒரு சொல்லை, அச்சகத்தில் ஒரு பின்னேரத்தில் போட்டுவிட்டார்கள்.

பிறகு அந்த ஒழுங்கையே போய்விட்டது. கடை, மேல்வீடு, கடைசி வீடு, அறிவித்தல் ஒட்டிய சுவர் எல்லாவற்றையும் இடித்துவிட்டு, துறைமுகம் தெரிகிற மாதிரி ஒரு மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள், கேற்றுக்கு வெளியே நின்று, எது எங்கே இருந்தது என்று மட்டுக்கட்டிப் பார்த்தேன். றொஷானை ஏற்றிய இடத்தில் கார்கள் உள்ளே போகும் சரிவு இருக்கிறது. காவலாளி வெளியே வந்து மரியாதையாகவே கேட்டான்.

“காவத ஹம்பவென்ன ஓனே, மிஸ்?”

யாரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்கிறான். ஒருவரையும் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போனேன்.