வாந்தியில்லாமல் மதுரைக்கு

என் அத்தைக்குப் பஸ் ஆகாது. எங்கள் ஊரிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகிற இருபது நிமிஷத்துக்கே கண்ணை இறுக மூடி, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீசல் வாசனை பட்டால் போதும், வயிறு புரட்டிவிடும். வீட்டில் யாரும் இதை ஒரு நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்குச் சட்டென்று கோபம் வருவதுபோல இவளுக்கு வாந்தி வரும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வாந்திதான் அவளுக்குக் கிடைக்கவேண்டிய முதல் வேலையைக் கெடுத்தது. அத்தை தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். சேலத்தில் ஒரு அலுவலகத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய அண்ணனான என் அப்பா விடிவதற்கு முன்பே கிளப்பி, முதல் பஸ்ஸில் கூட்டிப்போனார். அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்புவது என்று ஏற்பாடு. பெருந்துறை தாண்டுவதற்குள் மூன்று முறை ஆகிவிட்டது. நேரம் கடந்து, குழாயடியில் அலசிய ஈரச் சேலையோடு போய் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாளாம்.

"பேரச் சொன்னனுங்க. அதுக்கப்பறம் வாயத் தொறந்தா வந்துருமோன்னு பயந்துட்டு ஒண்ணுமே சொல்லுலீங்க" என்று அவள் அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா பஸ்ஸைத் திட்டவில்லை. தங்கையைத்தான் திட்டினார்.

இது தொண்ணூறுகளின் நடுவில். நான் மூன்றாம் வகுப்பு. அத்தைக்கு இருபத்தாறு வயது முடிந்திருந்தது. அந்தியூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மனைவி தவறிப்போய், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். தோட்டம், கிணறு எல்லாம் உண்டு. அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த விஷயம் பேச ஆரம்பித்தால் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். ஒரே மாட்டுக்கு ஒரே நாளில் எத்தனை முறை தண்ணீர் காட்டமுடியும் என்று எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் மதுரையிலிருந்து கார்டு வந்தது. ஒரு பெண்கள் கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை, தங்குவதற்கு அங்கேயே இடம், பத்து நாளில் இன்டர்வியூ. அப்பா கார்டைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"இந்த ஒரு தடவ போயிட்டு வரட்டும். இதும் ஆகுலீன்னா அந்தியூர்க்காரங்களுக்கு ஒரு பதிலச் சொல்லிப்போடோணும். அவியளும் எத்தன நாளைக்குத்தான் காத்திருப்பாங்க?"

அத்தை தொழுவத்துக்குப் போய்விட்டாள். அம்மா கார்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஏனுங்க, இந்தத் தடவ நான் யோசன பண்ணி அனுப்பட்டுங்களா?" என்று கேட்டாள். அப்பாவுக்குப் பருத்தி எடுக்கிற நேரம். தலையாட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அம்மா வேறு ஆளாக இருந்தாள். உடுமலைக்கு வெளியே அவள் அதிகம் போனதில்லை. பழனிக்குப் போயிருக்கிறாள், கோயமுத்தூருக்கு இரண்டு கல்யாணங்களுக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், டிக்கெட் கொடுப்பவரிடம் மதுரை பாசஞ்சர் எத்தனை மணிக்கு வரும், வழியில் எங்கெங்கே நிற்கும், எந்தப் பக்கத்து ஜன்னலில் வெயில் அடிக்காது என்று கேட்டாள். அப்போது அது மீட்டர்கேஜ் பாதை. வண்டி மெதுவாகத்தான் போகும், பஸ்ஸைவிட டிக்கெட் மிகவும் குறைவு, டீசல் வாசனை பெட்டிக்குள் வராது. கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார்.

தங்குவதற்கு லாட்ஜ் என்ற பேச்சையே அம்மா எடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பெண் விருந்தாளி வந்தால் ஒரு ராத்திரி தங்கவைக்க அவளுடைய ஹாஸ்டலில் அனுமதி உண்டாம். அம்மா அவளுக்கு இன்லேண்டு கடிதம் எழுதினாள். பதில் வருகிற வரைக்கும் நிம்மதியில்லாமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஹாஸ்டலுக்குப் போன் போட்டும் பேசிவிட்டாள். இன்டர்வியூவுக்கு முந்தின நாளே பகல் ரயிலில் போவது, ராத்திரி நன்றாகத் தூங்குவது, காலையில் குளித்துக் கஞ்சிபோட்ட சேலை கட்டிக்கொண்டு கல்லூரிக்கு நடந்தே போவது. ஹாஸ்டலிலிருந்து அது நடக்கிற தூரம்தான் என்பதையும் விசாரித்துவைத்திருந்தாள்.

கூட யார் போவது என்று கேள்வி வந்தது. அப்பா தான் போவதாகச் சொன்னார்.

"நீங்க வேண்டாமுங்க. உங்களப் பாத்தாலே அதுக்குச் சேலம் ஞாபகம் வந்துரும்" என்றாள் அம்மா. பிறகு என்னைக் காட்டினாள். "இவ போகட்டும். வாந்திய நெனைக்க நெனைக்கத்தான் வாந்தி வரும். இவகிட்ட உக்காந்தா வேற ஒண்ணயும் நெனைக்க முடியாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் வாயை மூடச் சொல்லி தினம் அடி வாங்குகிறவள் நான். வாய்க்காகவே ஒருவர் என்னை வெளியூர் அனுப்புகிறார் என்றால் சும்மாவா.

கிளம்புகிற அன்று அம்மா பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி அத்தையிடம் கொடுத்தாள். ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தையின் பையில், ஜெராக்ஸ் என் பையில். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். நல்ல சேலை பாலித்தீன் கவரில். கையில் ஒரு எலுமிச்சம்பழம். சாப்பிடுவதற்குப் புளிச்சோறு. அத்தை தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க நங்கை" என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்பார்கள்.

ரயில் ஏறியதிலிருந்து நான் பேசிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடக் கதை தீர்ந்ததும் எதிர் சீட்டில் இருந்தவர்களிடம் ஆரம்பித்தேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு அம்மாள் இருந்தார். பழனி வருவதற்குள் அவருக்கு எங்கள் குடும்பம் முழுவதும் தெரிந்துவிட்டது. சேலம் போகிற வழியில் எத்தனை முறை வாந்தி, அந்தியூர் மாப்பிள்ளைக்கு எத்தனை பிள்ளைகள், மாடு எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறது என்று எல்லாம் சொல்லிவிட்டேன். அத்தை என் தொடையைக் கிள்ளிக் கிள்ளிக் களைத்துப்போனாள். ஆனால் எலுமிச்சம்பழத்தை ஒருமுறைகூட மோந்துபார்க்கவில்லை.

சத்திரப்பட்டி தாண்டியதும் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் சோளக்காடு. கொஞ்ச நேரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அரைமணி நேரம் போனதும் ஆண்கள் இறங்கி நடந்துபோய் விசாரித்துவிட்டு வந்தார்கள். முன்னால் போன சரக்கு வண்டி ஒன்று வழியிலே நின்றுவிட்டதாம். எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தூரத்தில் ரோடு தெரிந்தது. பஸ்கள் போவதும் தெரிந்தது. ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

அத்தையின் முகம் மாறிவிட்டது. ஹாஸ்டல் கேட்டைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். வண்டி நகராவிட்டால் முன்பின் தெரியாத ஊரில், இருட்டில், என்னையும் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது? பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் பஸ். எழுந்து பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நான் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்தது.

"அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்கத்தே" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் சொன்னேன்.

அத்தை தாளை எடுத்துப் பிரித்தாள். கடைசி வரியில் விரலை வைத்து நின்றாள். பிறகு சத்தமாகவே படித்தாள்: "ரயில் வழியில் நின்றால் இறங்கவேண்டாம். இன்டர்வியூ நாளைக்குத்தான். ஹாஸ்டலில் ராத்திரி எட்டு மணிவரை கேட்டைத் திறந்துவைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன்."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன், இருந்தாலும் நன்றாகப் பார்த்துவிட்டு, "வெவரமான பொம்பள. நீ ஏன் அம்மணி வெசனப்படறே? சோத்தப் பிரி" என்றார். மூன்று பேரும் புளிச்சோறு சாப்பிட்டோம். அவர் தன் கூடையிலிருந்து கொய்யாப்பழம் கொடுத்தார். காலியான பெட்டியில் காற்று நன்றாக வந்தது. அத்தை என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். பயணத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வண்டி இரண்டரை மணிநேரம் கழித்து நகர்ந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் அத்தை எப்படியிருந்தாள் என்று சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கஞ்சிச் சேலை மடிப்புக் கலையாமல் நடந்தாள். கல்லூரி வராந்தாவில் என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி. வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்கூட விளக்குமாற்றை நிறுத்திக் கேட்டார்.

அத்தை வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க கண்ணு" என்றாள். அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். சேலத்திலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சு அது என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் அப்பா ரொம்பச் சந்தோஷப்பட்டார். அந்தியூருக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டார். "நெம்ப நல்லதாப் போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நானும் என் வாயால்தான் வேலை கிடைத்தது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.

அடுக்களையில் அம்மாவும் அத்தையும் மட்டும் இருந்தார்கள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள போனதும் அவியளே உக்காரச் சொன்னாங்களா, நீயா உக்காந்தியா?"

"அவிய சொன்னாங்க நங்கை."

"எத்தன பேரு?"

"மூணு பேருங்க. ரெண்டு பேரு பொம்பளைங்க."

"மொதல்ல என்ன கேட்டாங்க?"

அத்தை சொன்னாள். மேஜை எப்படி இருந்தது, ஜன்னல் எந்தப் பக்கம், அவர்கள் எழுந்து கைகூப்பினார்களா என்றெல்லாம் அம்மா கேட்டாள். எல்லாம் முடிந்ததும், "இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்லு அம்மணி" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

கிடைத்துவிட்ட வேலைக்கு இத்தனை கேள்வி எதற்கு என்று எனக்கு அலுப்பாக இருந்தது. விளையாடப் போய்விட்டேன். அம்மா உடுமலையிலேயே ஆசிரியர் பயிற்சி முடித்தவள் என்பதும், கல்யாணமான புதிதில் அவளுக்கும் அப்படி ஒரு கார்டு ஈரோட்டிலிருந்து வந்தது என்பதும், கூட்டிப்போக அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தோதுப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருஷங்கள் இருந்தன.