சீட்டில் ஆள் இல்லை

சிம்பாங் அம்பாட் டிராக்டர் சர்வீஸ் சென்டரில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரே கோளாறுக்காக மூன்று முறை என்னை அலையவைத்த டிராக்டர் ஒன்று உண்டு. ஓய்வுபெற்று ஜார்ஜ் டவுனில் சும்மா இருக்கும் இந்த நாட்களில் அதுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஆட்டோ ஸ்டியரிங் பொருத்திய டிராக்டர். செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, நெல்வயலில் நூல் பிடித்ததுபோலத் தானே நேராக ஓடும். ஆனால் சீட்டில் ஓட்டுநர் இருந்தாக வேண்டும். மெத்தைக்கு அடியில் ஒரு சுவிட்ச். ஆள் பாரத்தில் அமுங்கியிருக்கும். பாரம் போனால், ஆள் இறங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கை விட்டுவிடும். திரையில் ஃபால்ட் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வரும்.

அந்தக் கோடுதான் திரும்பத் திரும்ப வந்தது. முதல் முறை சுவிட்சை மாற்றினேன். இரண்டாம் முறை மீட்டர் வைத்து வயரிங் முழுவதையும் பார்த்துவிட்டு, கனெக்டரை மாற்றினேன். இரண்டு தடவையும் நானே ஏறி ஓட்டிப் பார்த்தேன். கோடு வரவில்லை. நான் கிளம்பிப் போன பிறகு வந்தது.

மூன்றாம் முறை போனபோது டிராக்டர் உரிமையாளர் வரப்பிலேயே நின்றிருந்தார்.

"மெஷின்ல ஒன்னும் இல்லன்னா ஆளுதான் லா. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே எறங்கி நிக்கிறான் போல. இன்னிக்கி முடிவு தெரியலன்னா, வேற டிரைவர் பாத்துக்குவேன்."

ஓட்டுநர் முனியாண்டி அண்ணன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் எறங்கல தம்பி," என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

"நீங்களே ஓட்டுங்கண்ணே. நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கறேன்."

லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். டயர் மேட்டில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் சுவிட்ச் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவர் எழவே இல்லை. அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன். சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று.

"எத்தன கிலோண்ணே இருக்கீங்க?"

"நாப்பத்தி மூனோ என்னவோ. முன்ன அறுவது." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "எப்பவும் தண்ணி தாகம் தம்பி. பாஸ்கிட்ட சொல்லிடாத. ஒடம்புக்கு சக்கிட்னு தெரிஞ்சா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு முறை வந்து இதே மனிதரிடம்தான் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறேன்.

"சொல்லலன்னா இன்னிக்கே வேல போயிரும்ணே. நீங்க எறங்கினதாதான் ஆவும்."

வண்டியை நிறுத்தினார். "சரி, நீயே சொல்லு," என்றார்.

உரிமையாளரிடம் சிக்னல் விட்டுப்போன இடங்களைக் காட்டி, வண்டி குலுங்கும்போது சுவிட்சை அமுக்க அண்ணனின் இளைத்த உடம்பின் பாரம் போதவில்லை என்ற விவரத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார். "ஏன்யா, ஒரு வார்த்த சொல்லக்கூடாது?" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்ததாம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். அந்தப் பருவம் வேறொருவர் ஓட்டினார். அடுத்த உழவுக்கு அண்ணன் உடம்பு தேறித் திரும்பி வந்தார். அந்தக் கோடு பிறகு வரவில்லை.

அன்றைக்கு ஜாப் ஷீட்டில் கோளாறின் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், "சுவிட்ச் நன்றாக உள்ளது" என்று மட்டும் எழுதினேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும், லாப்டாப்பைத் திறக்கும்முன் ஓட்டுநரோடு உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பேன். நேரம் வீணாகிறது என்று ஆபீசில் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை. இப்போது கோடு எண்களெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டன. அந்த ஓட்டுநர்களின் பெயர்களில் ஒன்றுகூட மறக்கவில்லை.