வழிகாட்டிப் புத்தகத்தில் எங்கள் ஊர்

சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே நான் டூரிஸ்ட் கார் ஓட்டிய காலம் அது. மகாபலிபுரம் பார்த்தவர்களுக்கு அடுத்து பாண்டிச்சேரிதான் ஊர். நடுவிலிருக்கும் எங்கள் மரக்காணம் ஒண்ணுக்குப் போக வண்டி நிறுத்தும் இடம். எனக்கு அதில் எரிச்சல். அதனால் யார் ஏறினாலும் உப்பளத்துப் பக்கம் ஓரங்கட்டி, "உப்பு சார், பாருங்க" என்பேன். இறங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஏசியைப் போடச் சொல்லி ஏறிக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து நான்கு கோடையில் வந்த வெளிநாட்டுக்காரர் வேறு மாதிரி. இந்தியா முழுக்கச் சுற்றி, பயணிகளுக்காகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி இல்லை, எந்த பஸ் எங்கே நிற்கும், எந்த ஓட்டலில் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம் என்று கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்கினார். இவ்வளவு பெரிய நாட்டை ஒரு புத்தகத்தில் அடைத்துவிடலாம் என்று நம்பிய மனுஷன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அன்று உப்பளத்தில் என் மனைவி வேலையில் இருந்தாள். அங்கே பெண்கள் புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் முகத்தைத் தின்றுவிடும். அவள் போட்டிருந்தது என் காக்கிச் சட்டை.

அவர் கேமராவைத் தூக்கியதும், "இருங்க சார், இருங்க" என்று கத்தினாள். முகத்தைக் காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். மகராசி, துணியை அவிழ்த்து உதறி, முன்னைவிட இறுக்கமாக, மடிப்பு கலையாமல் சுற்றிக்கொண்டாள்.

"புக்குல வரப்போவுது இல்ல? கன்னாபின்னான்னு நிக்க முடியுமா?" என்றாள் என்னிடம்.

மற்ற பெண்களும் துணியைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லோரும் சிரித்தோம்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் செஞ்சிக் கோட்டையில் ஒரு குடும்பத்துக்கு ராஜா கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வயது மகள் கீழ்புத்துப்பட்டில் மாமியார் வீட்டில் இருந்தாள். அனுமந்தைக் கரையோரம் இருந்த எங்கள் வீடும், வீட்டிலிருந்த என் மனைவியும், சுவரில் தொங்கிய கல்யாண போட்டோவும் போய்விட்டன. வேறு போட்டோ யாரிடமும் இல்லை. மறுநாள் அவளைக் கண்டெடுத்தோம். அந்த முகத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு உப்பளத்தில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டேன். ஏறுபவர்கள் "சுனாமி வந்த இடம் எது?" என்று கேட்டார்கள். அதுவும் பார்க்க வேண்டிய இடங்களில் சேர்ந்துவிட்டது.

மகளுக்குப் பேச்சு திருந்தத் திருந்த ஒரே கேள்விதான். "அம்மா எப்படிப்பா இருக்கும்?" மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று சொல்லிப் பார்ப்பேன். நாளாக ஆக எனக்கே அந்த முகம் கலங்கலாகிக்கொண்டு வந்தது. பயமாக இருந்தது. நானும் மறந்துவிட்டால் அவளுக்கு அம்மாவைக் காட்ட யார் இருக்கிறார்கள்?

இரண்டாயிரத்து ஆறில் ஒரு வடநாட்டுத் தம்பதி வண்டியில் ஏறினார்கள். அந்த அம்மா மடியில் ஒரு தடிமனான புத்தகம். பின்னட்டையில் அதே வெளிநாட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டியை ஓரங்கட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி முகத்துணியை அவிழ்த்து உதறிய அந்த நொடியில் அவர் பட்டனை அமுக்கியிருக்க மாட்டாரா என்று எனக்கு ஒரு நப்பாசை.

அந்த அம்மா எங்கள் ஊரைத் தேடி எடுத்தார். இரண்டே வரி. தங்குவதற்கு ஒன்றுமில்லை, போகிற போக்கில் வண்டியிலிருந்தே பார்க்கலாம் என்று போட்டிருப்பதாகச் சங்கடத்தோடு சொன்னார். மேலே படம். ஐந்து பெண்கள் கண்கள் மட்டும் தெரிய, அழகாகத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அந்த அம்மா தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் காட்டினேன்.

"இதுல அம்மா எதுப்பா?"

விரலை வைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உன் சட்டைப்பா" என்றாள்.