டிராவல் என்றால் பாடு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று திருத்தணி பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் என் டிராவல்ஸுக்கு வழி காட்டுவார்கள். அதன் பலகைக்குப் புது பெயின்ட் அடித்த அன்று, கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் என் மகள் சொன்னாள்:

"டிராவல்னா ஆதியில பயணம் இல்ல நைனா. பிரெஞ்சுல பாடுபடறதுன்னு அர்த்தம். அதுக்கும் முன்னே, லத்தீன்ல, மூணு கழி நட்டு ஆளைக் கட்டி வதைக்கிறதுக்குப் பேரு."

"வண்டி ஏறுறவங்க காதுல போட்டுடாதம்மா," என்று பெயின்டர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அர்த்தத்தைப் படிக்காமலே கண்ணால் பார்த்தவன் நான்.

போன வருஷம் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் ஒருவரை, இனிமேல் முடியாது என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உயிர் போவதற்குள் வீடு சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மனைவி போனில் அழுதார். என் டிரைவர் பின்வாங்கினான்.

"வழியில போயிட்டாருன்னா, அப்புறம் இந்த வண்டியில கல்யாணத்துக்கு எவன் ஏறுவான், மொதலாளி?"

நானே சாவியை எடுத்தேன். இந்த ஊரில் வேறு எவனும் எடுத்திருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் சீட்டை மடக்கி மெத்தை போட்டு அவரைப் படுக்க வைத்தோம். வேகமாகப் போனால் ஒவ்வொரு மேட்டிலும் முனகினார். மெதுவாகப் போனால் உயிர் தங்குமா என்று பயம். கனகம்மாசத்திரம் தாண்டியதும் அந்தம்மா பின்னாலிருந்து சொன்னார்:

"மெல்லவே போங்கண்ணா, வலிக்குது அவருக்கு. மூச்ச நான் பாத்துகினுதான் இருக்கேன்."

கியரைக் குறைத்து, ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்து இறக்கி ஏற்றினேன்.

அவர்கள் தெருவில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிணம் வந்தால் தறியை நிறுத்துவது அந்தத் தெரு வழக்கம். பிணம்தான் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்தில் இருந்தவர், அது நின்றதும் மிரண்டு கண் திறந்தார்.

அந்தம்மா கதவைத் தள்ளிக் கத்தினார். "எவன்டா நிறுத்தினது? உசுரோட வந்துகினு இருக்காருடா! ஓட்டுங்க!"

முதலில் கோடி வீட்டுத் தறி ஓடியது. பிறகு எல்லாம். நாலு பேர் மெத்தையோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார், முகத்தில் மிரட்சி இல்லை.

பொழுது சாய்ந்து, அவர் மூச்சு அடங்கிய பிறகுதான் தறிகள் நின்றன. நானும் அதுவரை அங்கேயே இருந்தேன்.